ஒற்றை மாட்டு விலை

வண்டியை அங்கேயே நிறுத்து. வேலியோரம். உள்ளே கொண்டுவராதே, வாசலில் மஞ்சள் காய்கிறது.

என்ன வேண்டும்? மாடா?

யார் சொல்லி வந்தாய்? சரி, விடு. நீ சொல்லவே வேண்டாம். உன் வண்டிக்குள்ளே நிற்கிறதே, அது மூச்சு விடுகிற சத்தமே சொல்லுது. அது என் தம்பி நாச்சிமுத்துவின் மாடு. வலத்து மாடு, நுகத்தில் வலப்பக்கம் நிற்கிறது. அதை வாங்கிவிட்டாய். இப்போது ஜோடி சேர்க்க என்னிடம் இருக்கிற இடத்து மாடு வேண்டும். அவ்வளவுதானே?

அவன் என்ன விலைக்குக் கொடுத்தான் என்று சொல்லாதே. வாயைத் திறக்காதே. நான் கேட்கும்போது சொன்னால் போதும்.

உட்கார். அந்தத் தவிட்டு மூட்டைமேல் உட்கார். பேர் என்ன? பூபதியா. எந்த ஊர்? உடுமலைப் பக்கமா. தென்னந்தோப்புக்கு வண்டி மாடு. நல்லது. உன் வயசுக்கு உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடவேண்டும். கூப்பிட மாட்டேன். அந்த வார்த்தை இந்த வாசலில் இப்போது செல்லாது. பூபதி என்றே சொல்கிறேன்.

மாட்டை அப்புறம் பார்க்கலாம். ஓடிவிடாது. நான் விலை சொல்வதற்கு முன்னால் நீ கொஞ்சம் கேட்டுக்கொள். இல்லையென்றால் நாளைக்குச் சந்தையில் நாலு பேர் சொல்வதையே நீயும் சொல்வாய். சென்னியப்பன் பிடிவாதக்காரன், சென்னியப்பனோடு சாமி வந்தாலும் பேசி முடிக்க முடியாது என்று. சொல்கிறவர்கள் எவனும் மாடு வைத்திருக்கிறவன் இல்லை. டீ குடிக்கச் சந்தைக்கு வருகிறவர்கள்.

எங்கள் அப்பா போனபிறகு காடு தோட்டத்தைப் பிரித்தோம். ஒரு சத்தம் இல்லை. கிணற்றில் தண்ணீர் முறை பிரித்தோம். சத்தம் இல்லை. தென்னை, வேம்பு, அம்மா வைத்துவிட்டுப் போன அண்டா குண்டா எல்லாம் பிரித்தோம். ஊரே மூக்கில் விரல் வைத்தது. அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்கணும் என்று. கடைசியில் நின்றது இந்த ரெண்டு மாடு.

ரெண்டும் மயிலைக் காளை. பல்லே போடாத கன்றுகளாக அப்பா பிடித்துவந்து பழக்கினது. இது இடப்பக்கம், அது வலப்பக்கம். நுகத்தடியைத் தூக்கிப் பிடித்தால் போதும், ரெண்டும் தானாக வந்து அதது பக்கத்தில் கழுத்தைக் கொடுக்கும். ஜோடியாக விற்றால் ஒரு விலை. தனித்தனியாக விற்றால் ரெண்டும் சேர்ந்து அதில் பாதிகூட வராது. ஒற்றை மாட்டை வாங்கி எவன் என்ன செய்வான்? உழ முடியாது. வண்டி பூட்ட முடியாது. கறிக்குத்தான் போகணும். உனக்குத் தெரியாததா?

அதனால் ஜோடியைப் பிரிக்கக்கூடாது என்று பேச்சு. பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்தவர் மாரப்ப மாமா, எங்கள் அக்கா வீட்டுக்காரர். "ரெண்டையும் ஒருத்தர் வெச்சுக்கங்க மாப்பளே. மத்தவருக்குப் பாதி வெலையக் குடுத்துருங்க. வெலைய நாம சொல்ல வேண்டாம், வர்ற வியாழக்கிழமை சந்தை சொல்லட்டும்" என்றார். நான்தான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மூத்தவன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அங்கேதான் மாமா தப்புப் பண்ணினார். சந்தையை நடுவராக வைக்கலாமா? மாட்டு விலை என்ன, மேலே அச்சடித்து விற்கிற சோப்புக் கட்டியா? மழை பெய்தால் ஏறும். பெய்யாவிட்டால் இறங்கும். ரொம்பப் பெய்தாலும் இறங்கும். தீனிக்குப் போடுகிற சோளத்தட்டு விலை ஏறினால் மாட்டு விலை இறங்கும். ரேக்ளாப் பந்தயக்காரன் நாலு பேர் வந்து தொடையைத் தட்டினால் ஏறும். ரோட்டில் மறியல், வண்டி வரவில்லை என்றால் இறங்கும். இதை நம்பி ஒரு மனுஷன் கையெழுத்துப் போடுவானா?

அந்தப் புதன்கிழமை ராத்திரி ஒரு மழை. ஆடியில் அப்படி ஒரு மழை நான் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை விடிந்தால் சந்தைக்குள்ளே கால் வைக்க இடமில்லை, அத்தனை பேருக்கும் உழவு மாடு வேண்டுமாம். தரகர் ராயப்பன் மாட்டைச் சுற்றி வந்தான். வாலைப் பிடித்தான், பல்லைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தான். எங்கள் சந்தையில் இன்னும் அப்படித்தான். விலையை வாய் சொல்லாது, துண்டுக்கடியில் விரல்தான் சொல்லும். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

ஒண்ணு அறுபது. லட்சத்து அறுபதாயிரம். பாதி எண்பது நான் தம்பிக்குக் கொடுக்கவேண்டும்.

"ராத்திரி பேஞ்ச மழைக்கு ஏறுன வெலை இது. மழைக்கு நான் காசு குடுக்கோணுமா?" என்றேன்.

கேட்டது நியாயம்தானே?

நாச்சிமுத்து என்ன சொன்னான் தெரியுமா? "செரிங்கண்ணா, அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க." அவ்வளவுதான். எப்போதும் அப்படித்தான் பேசுவான். நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் இறங்கியது. ஒண்ணு முப்பது. பாதி அறுபத்தஞ்சு. பணத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். மாமா, "குடுத்துருங்க மாப்பளே, முடிஞ்சுது" என்றார். இறங்குகிற விலையை நடுவழியில் பிடிக்கிறவன் முட்டாளா இல்லையா? இறங்கி நிற்கட்டும் என்று சொன்னேன். அதற்கடுத்த வாரம் நான் சொன்ன மாதிரியே ஒண்ணு பத்துக்கு வந்தது. பாதி அம்பத்தஞ்சு.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "அம்பத்தஞ்சே குடுங்கண்ணா. இன்னைக்கே புடிச்சுக் கட்டிக்கங்க."

இவ்வளவு சுருக்காக ஒருத்தன் ஒத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? அடுத்த வாரம் இன்னும் இறங்கும் என்று அவனுக்கு எவனோ சொல்லியிருக்கிறான். நான் என்ன கையில் காப்பு போட்ட குழந்தையா? முடியாது என்றேன்.

இறங்கவில்லை. ஏறிவிட்டது. அது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு நாள் இந்த வாசலுக்கே வந்தான். இப்போது நீ வந்திருக்கிற மாதிரி. செருப்பை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வந்து நின்றான். "அப்ப நான் ரெண்டையும் வெச்சுக்கறனுங்கண்ணா. பாதி நான் தந்தர்றேன். நீங்களே ஒரு வெலை சொல்லுங்க."

"எண்பது" என்றேன்.

"அது மழை வாரத்து வெலைங்களே."

"மாட்டோட வெலையே அதுதான். மத்த வாரமெல்லாம் சந்தைக்காரன் பண்ணுன வித்தை."

"அத்தனை எங்கிட்ட இல்லீங்கண்ணா" என்றான்.

இல்லாதவன் எதற்கு ஆசைப்படணும்? எழுந்துபோய் இடத்து மாட்டை அவிழ்த்து இந்தப் பக்கம் கட்டினேன். ஆளுக்கு ஒன்று. சரிபாதி. இதில் சந்தையும் வேண்டாம், மாமாவும் வேண்டாம்.

நான் எங்கேயாவது பேச்சு மாறினேனா, பூபதி? நீயே சொல். அவன்தான் மாறிக்கொண்டே இருந்தான். அறுபத்தஞ்சு என்றான், அம்பத்தஞ்சு என்றான், கொடுக்கிறேன் என்றான், வாங்குகிறேன் என்றான். நான் ஒரே ஆளாக நின்றேன்.

பாவாத்தா! இவனுக்கு மோர் கொண்டுவா. உப்புப் போட்டு.

என் வீட்டுக்காரி. அவள் முகத்தைப் பார்க்காதே, அவளுக்கு ஆடியிலிருந்து அந்த முகம்தான். கட்டுத்தரைக்குக் குறுக்கே நான் சுவர் வைத்த அன்றைக்குத் தொடங்கியது. ஹாலோ பிளாக் கல்லில், ஆள் உயரம். மாடு ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? சுவர் வைத்ததும் கத்தல் நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து நின்றுகொள்ளும், விலாவை ஒட்டி. அது சுவர் குளிர்ச்சிக்கு. இங்கே வெயில் எப்படி என்று உனக்குத் தெரியாது. இவள் சொல்கிறாள், அந்தப் பக்கம் அதுவும் அதே இடத்தில்தான் சாய்ந்து நிற்கிறதாம். இருக்கட்டும், அந்தப் பக்கமும் அதே வெயில்தானே.

மாடு இளைத்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். நீ பார்த்ததும் சொல்லத்தான் போகிறாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். புண்ணாக்கு முன்னே மாதிரி இல்லை. பருத்திக்கொட்டையில் பாதி உமி. நல்ல சோளத்தட்டைப் போட்டால் நுனியை மோந்து பார்த்துவிட்டு நிற்கிறது. மருந்து அடித்த தட்டு, மாடு எப்படித் தின்னும்? டாக்டர் வந்து பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் தெரியாதவர் வேறென்ன சொல்வார்?

பக்கத்துத் தோட்டத்தான் மாட்டோடு ஒரு நாள் பூட்டிப் பார்த்தேன். ரெண்டு சால் போனது, அப்புறம் நுகத்தடியோடு படுத்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்தான் மாடு சரியில்லை. அதன் வாடையே ஒரு மாதிரி.

அப்புறம் வாரா வாரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவனும் வந்தான். நான் வடக்கு வாசலில் நிற்பேன், அவன் தெற்கே தண்ணீர்த் தொட்டியோரம். நடுவில் ஆயிரம் மாடு. ஒற்றை மாட்டுக்கு வருகிறவன் யார்? பாதிப் பேர் கறிக்காரன். மீதிப் பேர் வேடிக்கை பார்க்கிறவன். "ஏனுங், உங்க தம்பி அங்க நிக்கறாருங்களே, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா என்னுங்" என்று கேட்பான். நீ மாடு வாங்க வந்தாயா, பொண்ணு பார்க்க வந்தாயா என்று திருப்பிக் கேட்பேன். போய்விடுவான்.

புரட்டாசியில் ஒருத்தன் வந்தான். நல்ல பார்ட்டி. தேங்காய் வியாபாரி, வெள்ளை வேட்டி, கையில் ரெண்டு போன். மாடு தெரிந்தவன். வடக்கே என் மாட்டைப் பார்த்தான், தெற்கே போய் அவன் மாட்டைப் பார்த்தான், திரும்பி வந்து ராயப்பனிடம், "இது ரெண்டும் ஒரே நுகத்துல நின்னதுங்களா?" என்று கேட்டான். யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தான். ஜோடிக்கு ஒண்ணு அம்பது கொடுக்கிறேன் என்றான். அன்றைக்கு இருந்த சந்தைக்கு அது தங்க விலை.

ராயப்பன் தெற்கே ஓடினான், துண்டைப் போட்டான், திரும்பி வந்தான். "தம்பி எழுபத்தஞ்சுக்குச் செரின்னுட்டாருங்கண்ணா. நீங்களும் செரின்னா முடிஞ்சுது" என்று என் விரலைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே சிரித்தான். "ஏனுங்கண்ணா, உங்க ரெண்டு பேரு கையும் ஒரே மாதிரி காச்சுக் கெடக்குது. கண்ணை மூடிட்டா எது ஆரு கைன்னே தெரியறதில்லீங்க."

கையை உருவிக்கொண்டேன். தரகு வேலையை மட்டும் பார் என்றேன்.

"எழுபத்தாறு" என்றேன் வாயாலேயே.

"சமமா இருக்கட்டுமுங்கண்ணா."

"எப்பிடிச் சமம்? நான் மூத்தவன். அப்பனைக் கொண்டுபோய் வெச்சவன் நான். ஊரு நாயத்துல மூத்தவனுக்குக் கொஞ்சம் கூட இல்லியா? எடத்து மாடுதான் வண்டியத் திருப்பறது, அதுக்காச்சும் கூடக் கெடையாதா?"

தேங்காய்க்காரன் ஒரு பைசா கூட்ட மாட்டேன் என்றான். ராயப்பன் மறுபடி தெற்கே ஓடினான். அவன் வயசுக்கு அத்தனை ஓட்டம் ஆகாது. வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். "தம்பி எழுபத்தி நாலு வாங்கிக்கறாராமுங்க. அந்த ஆயிரத்தை அண்ணனுக்கே சேத்திக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டாருங்க. இப்பச் செரிங்களா?"

நீ என்ன நினைக்கிறாய்? சரி என்று சொல்லியிருக்கணுமா?

அவன் பங்கிலிருந்து எடுத்து எனக்குப் போடுவானா? நான் வியாபாரியிடம் கேட்டேன். மாட்டுக்குக் கேட்டேன். தம்பியிடம் கேட்டேனா? நாளைக்கு ஊர் என்ன பேசும்? சென்னியப்பனுக்குத் தம்பி ஆயிரம் விட்டுக்கொடுத்தான் என்று பேசும். அப்படி ஒரு ஆயிரம் எனக்கு எதுக்கு?

"எனக்குப் பிச்சை வேண்டாமுன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

ராயப்பன் போகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்களே போய்ச் சொல்லுங்க. என்ற காலு வலிக்குது" என்றான். தேங்காய்க்காரன் அதற்குள் போன் பேசிக்கொண்டே வேறு ஜோடியிடம் போய்விட்டான். அவனுக்கென்ன, சந்தையில் மாடா இல்லை?

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு மாட்டையும் வித்துப்போட்டு ரெண்டு கழுதை வாங்கிக் கட்டிக்குங்க. பொருத்தமா இருக்கும்" என்றாள். நாற்பது வருசக் குடித்தனம். மரியாதையைப் பார்.

ஐப்பசியில் கோமாரி வந்தது. சந்தையை மூடச் சொல்லிவிட்டார்கள். வாயில் நுரை, காலில் புண், அக்கம் பக்கத்தில் நிறைய மாடு போச்சு. என் மாட்டுக்கு வரவில்லை. அவனுடையதற்கும் வரவில்லை என்றுதான் கேள்வி. நான் விசாரிக்கவில்லை, இவள் சொன்னாள். சந்தை திறக்கத் தை மாதம் ஆயிற்று. திறந்த அன்றைக்கு எல்லாவனும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். மூன்று மாதம் தீனி போட்டுக் கடனாகிக் கிடந்தவர்கள். விற்றால் போதும் என்று நின்றார்கள். வாங்குகிறவன் இல்லை. உழவு முடிந்துபோனது. தட்டு விலை தலைக்குமேல். ஜோடி மாடே நாதியில்லாமல் நிற்கும்போது ஒற்றை மாட்டை எவன் சீந்துவான்? வரிசையாக அடிமாட்டு லாரி மட்டும் நின்றது.

போன வியாழக்கிழமை லாரிக்காரன் ஒருத்தன் என் மாட்டின் முதுகைத் தட்டினான். மாடு பார்க்கிறவன் தட்டுகிற மாதிரி இல்லை. எடை பார்க்கிறவன் தட்டுகிற மாதிரி. "இருவத்திரண்டு தர்றேன் பெரியவரே. அடுத்த வாரம் இதுவும் இருக்காது. எலும்புதான் மிச்சம்" என்றான்.

துண்டு போடவில்லை. வாயாலேயே சொன்னான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அடிமாட்டுக்கு ரகசியம் எதற்கு?

கயிற்றை நீட்டினேன் என்பது உண்மைதான். உன்னை இங்கே அனுப்பினது ராயப்பனாகத்தான் இருக்கும், அதையும் சொல்லியிருப்பான். நீட்டினேன். அந்தக் கூட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே நாச்சிமுத்து நிற்கிறான். தெற்கே தொட்டியோரம் நிற்கவேண்டியவன், தன் மாட்டை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு இத்தனை தூரம் நடந்து வந்து நிற்கிறான். என்னைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கயிற்றை இழுத்துக்கொண்டேன். அவனுக்காக இல்லை. இருபத்திரண்டு ஒரு விலையா? இருபத்தஞ்சு என்றிருந்தால் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கு ரெண்டு பேருமே மாட்டோடு திரும்பினோம். ஒரே ரோடுதான். அவன் முன்னால், நான் பின்னால். என் மாடு இழுத்துக்கொண்டு ஓடுது. கையெல்லாம் எரிச்சல். மூக்கணாங்கயிற்றைச் சுண்டிச் சுண்டிப் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் ஒரு வேப்பமரத்தில் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் போய்ச் சேரட்டும் என்று. நான் எதற்கு அவன் பின்னாலேயே போகணும், அவனுக்குப் பண்ணையத்து ஆள் மாதிரி?

அவ்வளவுதான் கதை. ஆடியிலிருந்து மாசி வரைக்கும். இன்றைக்குக் காலையில் நீ வந்து அவன் வாசலில் வண்டியை நிறுத்தினாய். எனக்குத் தெரியும். சத்தம் கேட்டது. மாடு வண்டியில் ஏறுகிற சத்தமும் கேட்டது. அவன்தான் முதலில் விற்றான், பூபதி. கவனி. நான் விற்கவில்லை. எட்டு மாதம் நின்று பார்த்தான், முடியவில்லை, தோற்றுவிட்டான். அதற்காகத்தான் உன்னை இத்தனை நேரம் உட்கார வைத்துச் சொன்னேன்.

இப்போது சொல். என்ன விலைக்குக் கொடுத்தான்?

இருபதா?

இருபதாயிரமா? அந்த மாட்டையா? லாரிக்காரன் இந்த எலும்புக்கே இருபத்திரண்டு கேட்டான். அது தின்று நன்றாகத்தானே இருக்கிறது? இல்லையா? அதுவும் இளைச்சுத்தான் இருக்கா? நான் பார்க்கவில்லை. சரி. ஆனாலும் இருபது? நீ ஏதாவது குறை சொல்லி ஏமாற்றினாயா? அவன் ஏமாறுகிறவன்தான்.

என்ன? மெதுவாகச் சொல். நீ ஜோடிக்கு என்ன தருவதாகச் சொன்னாய்? லட்சமா. ரெண்டும் கிடைத்தால் லட்சம். சரி. அதில் அவன் இருபது எடுத்துக்கொண்டான். மீதி...

எண்பதா? எண்பது என்றே சொன்னானா? அண்ணனுக்கு எண்பது என்று அவன் வாயாலேயே சொன்னானா?

இரு. பேசாதே.

மோரைக் குடி. ஆறிப்போகிறதுக்கு அது காப்பி இல்லை, ஆனாலும் குடி.

பாவாத்தா, நீ உள்ளே போ. எதற்கு இங்கே நிற்கிறாய்? கேட்டாயல்லவா, போ.

வேறென்ன சொன்னான்? எதையும் விடாமல் சொல். அண்ணன் கொடுக்கவில்லை என்றால் தன் மாட்டைத் திருப்பிக்கொண்டுவந்து கட்டிவிடு, பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றானா. வண்டி வாடகையும் தந்துவிடுகிறேன் என்றானா. லாரிக்குப் போகக்கூடாது, எங்கே போனாலும் ஒரே நுகத்தில் போகட்டும் என்றானா. வேறே? என்னைப்பற்றி? என்னைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? திட்டக்கூட இல்லையா?

பார்த்தாயா அவன் புத்தியை. பார்த்தாயா பூபதி. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதில் சொல்லி அனுப்புவேன். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான். எனக்கு எண்பது கொடுத்துவிட்டு அவன் இருபதோடு உட்கார்ந்துகொள்வானாம். சாகிற வரைக்கும் நான் அந்த எண்பதைச் சுமந்துகொண்டு திரியணும். சந்தையில் எல்லாவனும் சொல்வான், நாச்சிமுத்துக்குத்தான் மனசு, அண்ணனுக்கு வெறும் வாய்தான் என்று. இளையவன் விட்டுக்கொடுத்து மூத்தவன் வாங்கிக்கொள்வதா? எந்த ஊரில் உண்டு இது?

பணத்தை உள்ளே வை. எண்ணாதே. வை உள்ளே.

மாட்டை அவிழ்த்துக்கொள். பத்தொன்பது கொடு.

காதில் விழவில்லையா? பத்தொன்பதாயிரம். அவனைவிட ஆயிரம் கம்மி. ஒரு ரூபாய் கூட வைத்தாலும் கயிற்றை விட மாட்டேன். எட்டு மாதம் அவனுக்கு ஒரு பைசா விட்டுக்கொடுக்காத ஆள் நான். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பேனா?

சிரிக்காதே. நீ பிழைத்தாய், அவ்வளவுதான். உனக்கு யோகம்.

அங்கே என்ன முனகுகிறாய் பாவாத்தா? கேட்டாயா பூபதி, என்ன சொல்கிறாள் என்று? "அண்ணனும் தம்பியும் சேர்ந்து வழியில போற பையனுக்குக் கல்யாணச் சீர் செய்யறீங்களா" என்று கேட்கிறாள். இவளுக்கு வியாபாரம் தெரியாது.

ஓட்டு. பயப்படாதே, முட்டாது. நீ இழுக்கவே வேண்டாம், கயிற்றை விட்டுவிடு. பார், வண்டிக்கு அதுவே போகிறது. பலகையைப் போடு. இன்னும் சாய்த்துப் போடு. எட்டு மாதமாக எழுந்து நிற்கவே யோசிக்கிற மாடு, ஏறுகிற ஏறலைப் பார். தட்டு கட்டி வைத்திருக்கிறாயா வண்டியில்? அதைத்தான் மோந்துவிட்டது. இடப்பக்கம் விடு. அது இடப்பக்கம்தான் நிற்கும். அவனுடையதை வலப்பக்கம் தள்ளு. தள்ளவேண்டாம், அதுவே நகர்ந்துகொண்டது.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? மஞ்சள் தூசி. இந்தப் பருவத்தில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

ஒரு காரியம் செய். வண்டியைத் திருப்பினால் அவன் வாசல் வழியாகத்தானே போகணும். நிறுத்து. இறங்கிப் போய்ச் சொல், உங்க அண்ணன் பத்தொன்பதுதான் வாங்கினார் என்று. அவனுக்கு முகம் எப்படிப் போகிறது என்று நின்று பார். நான் எட்டிப் பார்க்க மாட்டேன், அது எனக்கு அழகில்லை. ஒன்றும் பேச மாட்டான். பேசாவிட்டாலும் கொஞ்ச நேரம் நில். உட்காரச் சொன்னால் உட்கார். என்ன செய்தான், உள்ளே போனானா, வாசலிலேயே நின்றானா, எல்லாம் பார்.

வியாழக்கிழமை சந்தைக்கு வந்து எனக்குச் சொல். வடக்கு வாசலில் நிற்பேன். மாடு இல்லாவிட்டால் என்ன, விலை விசாரிக்க யாராவது வரவேண்டாமா? நீ ஒன்றும் வாங்கவேண்டாம். சும்மா வா. டீ நான் வாங்கித் தருகிறேன்.

உடுமலையிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?